ஒருவருக்கு எத்தனை தொப்பி?

விழா மலர், பாராட்டுப் பத்திரம், ஷீல்டு, ஃப்ளெக்ஸ் என்று எங்கள் ஊரில் யாரை யார் பாராட்டினாலும் அந்தப் பாராட்டு முதலில் எங்கள் மேசைக்குத்தான் வரும். பாளையங்கோட்டையில் ஒரு சின்ன அச்சகத்தில் மாலை நேரங்களில் புரூஃப் பார்க்கிறேன். தமிழில் வருவதைத் திருத்துவதில் பெரிய தகராறு எதுவும் இருக்காது. சந்தி விட்டுப்போயிருக்கும், லகர ளகரம் மாறியிருக்கும், சுழித்துக் கொடுத்தால் ஒத்துக்கொள்வார்கள். ஆங்கிலத்தில் வருவதில்தான் சண்டை. அப்படி ஒரு நாள் வந்தது ஒரு ஷீல்டு ஆர்டர். ஓய்வு பெறும் ஆசிரியர் ஒருவருக்கு முன்னாள் மாணவர்கள் சேர்ந்து கொடுப்பது. ‘ஹேட்ஸ் ஆஃப் டு அவர் பிலவ்ட் டீச்சர்’ என்று எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள். கூட வந்த பொருளாளர் கணக்கு வாத்தியாராக இருந்தவர் போல. தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “வாத்தியார் ஒருத்தர்தான? அவருக்கு என்னத்துக்கு ஹேட்ஸ்? ஹேட் ஆஃப்னு போடுங்க” என்றார். செயலாளர் விடவில்லை. “கொடுக்கது நூறு பேருலா? நூறு தொப்பி வேண்டாமா?” என்றார். அப்புறம் நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. டீ வந்தது, டீ ஆறியது, இருவரும் என்னைப் பார்த்தார்கள். கடைசியில் தொப்பியே வேண்டாம் என்று முடிவாகி ‘வித் லவ் அண்ட் ரெஸ்பெக்ட்’ என்று அடித்துக்கொண்டு போனார்கள்.

அவர்கள் போய்விட்டார்கள், கேள்வி போகவில்லை. பாராட்டும் ஆங்கிலச் சொற்கள் ஏன் இப்படி எஸ் என்ற எழுத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிகின்றன? தேங்க்ஸ், கங்கிராஜுலேஷன்ஸ், பெஸ்ட் விஷஸ், ரிகார்ட்ஸ், காம்ப்ளிமெண்ட்ஸ், சியர்ஸ். ஒரு ஆள் ஒரு ஆளுக்கு ஒரு தடவை சொன்னாலும் பன்மைதான். ஒருமையில் சொன்னால் காதுக்குக் குறையாக இருக்கிறது. திட்டும் சொற்களுக்கு இந்த வசதி இல்லை என்பதையும் கவனித்தேன். ‘ஷேம்’ என்பதற்கு எஸ் போட்டுத் திட்டுவதில்லை. எதிர்க்கட்சி உறுப்பினர்கள் மேசையைத் தட்டி ‘ஷேம், ஷேம்’ என்று இரண்டு தடவை சொல்லித்தான் பெருக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

செயலாளர் சொன்னதில் பாதி சரி. தொப்பி பாராட்டப்படுகிறவருடையது அல்ல, பாராட்டுகிறவர்களுடையது. ‘ஹேண்ட்ஸ் அப்’, ‘ஐஸ் ரைட்’, ‘ஹேண்ட்ஸ் ஆஃப்’ என்று போலீஸ்காரரும் டிரில் மாஸ்டரும் போடுகிற உத்தரவுகளின் ஜாதி அது. கொடி போகிறது, ராஜா போகிறார், இறந்தவரின் பெட்டி போகிறது. தெருவில் நிற்கிறவர்கள் எல்லோரும் தொப்பியைக் கழற்றுங்கள் என்று ஒரு குரல். தனி ஆள் தன் தொப்பியை மட்டும் கழற்ற வேண்டுமென்றால் ஆங்கிலத்தில் வேறு வாக்கியம் இருக்கிறது. ‘ஐ டேக் மை ஹேட் ஆஃப் டு யூ’. அதில் தொப்பி ஒன்றுதான், அதற்கு மேல் ஒரு தொப்பி போட்டால் தப்பு. ஆக, அறையில் தனியாக உட்கார்ந்து ஒருவர் ‘ஹேட்ஸ் ஆஃப்’ என்று தட்டி அனுப்பும்போது, அங்கே இல்லாத ஒரு கூட்டத்தையும் தன் பக்கம் சேர்த்துக்கொள்கிறார். ‘நான் மட்டுமல்ல, ஊரே எழுந்து நிற்க வேண்டும்’ என்பது அதன் உள்ளர்த்தம்.

இது அழகான விளக்கம். ஆனால் ஐரோப்பாவிலேயே செல்லுபடியாகவில்லை. ஜெர்மன்காரர்கள் ‘ஹூட் அப்’ என்பார்கள், ஒரே தொப்பி. பிரெஞ்சுக்காரர்கள் ‘ஷாப்போ’ என்று தொப்பியை மட்டும் சொல்லி நிறுத்திவிடுவார்கள், அதுவும் ஒருமை. சைக்கிள் பந்தய உலகில் ஆங்கிலம் பேசுகிறவர்களும் அதையே சொல்லப் பழகிவிட்டார்கள். டச்சுக்காரர்களின் ‘பெட்யே ஆஃப்’ ஒரு சின்னக் குல்லாய். அந்த நாடுகளிலும் கூட்டம் கூடத்தான் செய்கிறது, எல்லோர் தலையிலும் தொப்பி இருக்கத்தான் செய்தது. தொப்பியின் எண்ணிக்கை வேறு, சொல்லின் எண் வேறு.

இடையில் ஒன்று. நம் ஊரிலும் மரியாதைக்காகக் கழற்றப்பட்ட துணி ஒன்று உண்டு, தோளில் கிடக்கும் துண்டு. பண்ணையார் வரும்போது அதை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ளவோ இடுப்பில் கட்டிக்கொள்ளவோ வேண்டியிருந்தது. அது விரும்பிக் கழற்றியது அல்ல. ‘உங்களுக்காகத் துண்டை எடுக்கிறேன்’ என்று நம்மிடம் ஒரு பாராட்டு மொழி உருவாகாததற்கு அதுதான் காரணமோ என்று நினைப்பேன். இரவல் தொப்பியைக் கழற்றுவதில் அந்தக் கசப்பு இல்லை. தொப்பியே போடாத ஊரில் இவ்வளவு பேர் ‘ஹேட்ஸ் ஆஃப்’ சொல்வது அதனால்கூட இருக்கலாம்.

பொருளாளரின் கணக்குக்கு வருவோம். ஒன்றுக்கு ஒருமை, பலவற்றுக்குப் பன்மை என்பது அவர் விதி. விழா மேடையில் தொகுப்பாளர், ‘கிவ் ஹிம் எ பிக் ஹேண்ட்’ என்கிறார். எ பிக் ஹேண்ட், ஒரு பெரிய கை. ஒரு கை தட்டினால் ஓசை வருமா என்று கேட்கிற ஊரில் உட்கார்ந்து அதைக் கேட்டுவிட்டு இரண்டு கையாலும் தட்டுகிறோம். ‘ஸ்டாண்டிங் ஒவேஷன்’ என்பது ஆயிரம் பேர் எழுந்து நின்று தட்டினாலும் ஒன்றுதான். 21 குண்டு மரியாதையில் 21 முறை பீரங்கி வெடிக்கும், ஆனால் அது ஒரு ‘சல்யூட்’. அதிலும் ‘கன்ஸ்’ இல்லை, ‘ட்வென்டி ஒன் கன் சல்யூட்’தான். ‘அப்ளாஸ்’ எண்ணவே முடியாதது, அதனால்தான் ‘எ ரவுண்ட் ஆஃப் அப்ளாஸ்’ என்று ஒரு சுற்றாக அளந்து கொடுக்கிறார்கள். ஒரு ஆள் சொன்னால் பல தொப்பி, ஆயிரம் பேர் தட்டினால் ஒரு கை. இதில் கணக்கு வாத்தியாருக்கு வேலையே இல்லை.

இல்லாத கூடோ

கணக்குப் போட்டுப் பார்த்து ஏமாறுவதில் ஆங்கிலேயர்களும் அமெரிக்கர்களும் நமக்குக் குறைந்தவர்கள் இல்லை. ஐ.டி. கம்பெனி மெயில்களில் அடிக்கடி வரும் ‘கூடோஸ் டு த டீம்’ ஒரு நல்ல உதாரணம். அது கிரேக்கச் சொல். ஹோமரின் காவியங்களில் வீரன் போரில் அடையும் புகழுக்குப் பெயர் அது. கடைசியில் இருக்கும் எஸ் சொல்லின் உடம்பிலேயே இருப்பது, பன்மைக்காக ஒட்டியது அல்ல. பேதாஸ், ஈதாஸ், கேயாஸ், காஸ்மாஸ் எல்லாம் அதே ஊர்க்காரச் சொற்கள்தான். ஒரே ஒரு ‘கேயா’ கொடுங்கள் என்று யாரும் கேட்பதில்லை. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பல்கலைக்கழக மாணவர்களின் பேச்சு வழக்கில் புகுந்த இந்தச் சொல், முதலில் ‘பெயர், செல்வாக்கு’ என்ற பொருளில்தான் இருந்தது. 1920களில் அது ‘பாராட்டு’ என்று பொருள் மாறியது. மாறியதும் சிக்கல் ஆரம்பித்தது. பாராட்டு என்றால் தேங்க்ஸ் போல, கங்கிராஜுலேஷன்ஸ் போல பன்மையாகத்தானே இருக்கும்? அப்படியானால் ஒன்று மட்டும் இருந்தால் ‘கூடோ’. இப்படிக் கிரேக்கத்தில் இல்லாத ஒரு சொல் அமெரிக்காவில் பிறந்தது. உச்சரிப்பும் கூடவே மாறிவிட்டது. பிரிட்டிஷ்காரர்கள் ‘க்யூடாஸ்’ என்று அழுத்தி முடிப்பார்கள். அமெரிக்கர்கள் வாயில் கடைசி எழுத்து, டாக்ஸ், கார்ஸ் என்பதில் வருவது போன்ற பன்மை ஒலியாகவே ஆகிவிட்டது.

‘கூடோ’ என்று எழுதுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிற கூட்டம் ஒன்று உண்டு. நான் அதில் சேர மாட்டேன். ‘பீ’ என்கிற பட்டாணிச் சொல் பிறந்த விதமும் இதேதான். பழைய ஆங்கிலத்தில் அது ‘பீஸ்’, ஒருமை. எஸ் போன்ற ஒலியில் முடிந்ததால் பன்மை என்று நினைத்து மக்கள் அதை நறுக்கி ‘பீ’ ஆக்கினார்கள். ‘செர்ரி’ பழமும் அப்படித்தான், நார்மன் பிரெஞ்சின் ‘செரீஸ்’ என்பதிலிருந்து வால் வெட்டப்பட்டு வந்தது. இன்றைக்கு யாரும் அதைத் தவறு என்று சொல்வதில்லை. கூடோவுக்கு இன்னும் அந்த வயது வரவில்லை, அவ்வளவுதான். ஆனாலும் யாராவது ‘எ பிக் கூடோ’ என்று எழுதிக்கொண்டு வந்தால் நான் எஸ் சேர்த்துவிடுவேன். நூறு வருஷம் கழித்து அது சரியாகலாம். ஷீல்டு நாளைக்கே கொடுக்க வேண்டியது.

இதில் என்னைக் கவர்ந்தது வேறு விஷயம். மக்கள் ஏன் கூடோஸைப் பன்மை என்று நினைத்தார்கள்? எஸ் இருப்பதால் மட்டும் அல்ல, அது பாராட்டாக இருப்பதால். பாராட்டு என்றாலே பன்மையில்தான் வரும் என்று அவர்கள் காது பழகியிருந்தது. ஆங்கிலேயருக்கே தெரியாமல் அவர்கள் வாயில் ஒரு விதி ஓடிக்கொண்டிருந்தது என்றுதானே அர்த்தம்? அந்த விதிக்கு என்ன பெயர் வைப்பது என்றுதான் எனக்குத் தெரியாமல் இருந்தது.

அவர்கள்

பெயர் வைத்தது எங்கள் டி.டி.பி. பண்ணுகிற பெண். திருமண அழைப்பிதழ் ஒன்றை அடித்துக்கொண்டிருந்தது. தலைமை தாங்குகிறவர், முன்னிலை வகிக்கிறவர், வாழ்த்துரை வழங்குகிறவர் என்று ஒரு பக்கம் முழுக்கப் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ‘அவர்கள்’. ஒரு பெயருக்கு அது விட்டுப்போயிருந்தது. நான் சுழித்துக் கொடுத்தேன், மாமன் முறைக்காரர் பெயருக்கு ‘அவர்கள்’ விட்டுப்போனால் கல்யாணமே நின்றுபோகும் என்றேன். அது அடித்துக்கொண்டே சொன்னது: “அன்னைக்கு ஹேட்ஸுக்கு அவ்வளவு சண்ட போட்டாங்கல்லா அண்ணாச்சி. ஒத்த ஆளுக்குத்தான நாம அவர்கள்னு போடுதோம்? அவரு என்ன பத்து பேரா? எஸ் போடுததும் அது மாதிரிதான. மரியாதைக்கு.”

இலக்கணப் புத்தகம் எதிலும் இவ்வளவு சுருக்கமாக நான் படித்ததில்லை. மரியாதைப் பன்மை நமக்குப் புதிதில்லை. நீ, நீர், நீங்கள் என்று ஏறிக்கொண்டே போகிற படிக்கட்டில்தான் நம் வாழ்க்கையே நடக்கிறது. ‘அவர்’ என்பதே இலக்கணப்படி பலர்பால். அது ஒருவருக்கே வழங்கி வழங்கித் தேய்ந்து ஒருமை போல ஆனதும், அதன் மேல் ‘கள்’ என்று இன்னொரு பன்மையை ஏற்றி ‘அவர்கள்’ ஆக்கினோம். ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் இது நடந்திருக்கிறது. ‘தௌ’ என்பது நீ, ‘யூ’ என்பது நீங்கள். மரியாதை கருதி எல்லோரையும் ‘யூ’ என்றே கூப்பிட்டுக் கூப்பிட்டு, 17ஆம் நூற்றாண்டு வாக்கில் ‘தௌ’ பேச்சிலிருந்து பெரும்பாலும் விழுந்துவிட்டது. இன்றைக்கு ஒரு ஆளைப் பார்த்து ‘யூ ஆர் கிரேட்’ என்று சொல்லும்போது அந்த ‘ஆர்’ பன்மை வினைதான். ‘யூ இஸ்’ என்று சொல்லிப் பாருங்கள்.

ஆனால் அந்தப் பெண் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியவில்லை. இரண்டு மொழியும் பன்மையை ஒட்டுகிற இடம் வேறு. நாம் ஆளைப் பன்மையாக்குகிறோம். ‘அவர்கள்’ என்ற சொல் மாமாவைப் பெரிதாக்குகிறது. ஆங்கிலம், யூ என்ற ஒன்றை விட்டுவிட்டால், ஆளை ஒருமையிலேயே வைத்துக்கொண்டு அவருக்குக் கொடுப்பதைப் பன்மையாக்குகிறது. தேங்க்ஸ், விஷஸ், காம்ப்ளிமெண்ட்ஸ் எல்லாம் தட்டில் வைத்துக் கொடுக்கிற பொருள்கள். நம் ஊர் பாணியில் சொன்னால், ஒரு சால்வை போர்த்தும் இடத்தில் அவர்கள் ஒன்பது சால்வை போர்த்துகிறார்கள். மேடையில் நாமும் அதைச் செய்கிறவர்கள்தான், சொல்லில்தான் செய்வதில்லை.

நன்றிக்கு எத்தனை?

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால் பல சொற்கள் தெளிகின்றன. தேங்க்ஸ் என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் முன்பு ஒருமையும் இருந்தது, ‘தேங்க்’ என்றே நன்றியைக் குறித்தார்கள். பன்மை நின்றது, ஒருமை உதிர்ந்தது. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகம் தொடங்கி சில வரிகளிலேயே, குளிரில் காவல் நிற்கும் ஒருவன் தன்னை விடுவிக்க வந்தவனிடம் ‘மச் தேங்க்ஸ்’ என்கிறான். ‘மச்’ என்பது எண்ண முடியாததற்கு வருவது, தண்ணீர், பால், அன்பு போன்றவற்றுக்கு. ‘தேங்க்ஸ்’ பன்மை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். இன்றைய பள்ளிக்கூடத் தாளில் சிவப்புக் கோடு விழுந்திருக்கும். 1600ஐ ஒட்டிய காலத்திலேயே, எஸ் இருந்தாலும் நன்றி என்பது எண்ணுகிற பொருள் அல்ல என்று அந்தக் காதுக்குத் தெரிந்திருக்கிறது. இன்றைக்கு ஆங்கிலேயர்களே ‘எ பிக் தேங்க்ஸ்’, ‘எ பிக் கங்கிராஜுலேஷன்ஸ்’ என்கிறார்கள். முன்னால் ஒருமைக்கான ‘எ’, பின்னால் பன்மைக்கான எஸ். இதைத் தவறு என்று அடித்தால் பாதி இங்கிலாந்தை அடிக்க வேண்டும். அந்த ‘எ’ மொத்தப் பொட்டலத்துக்கு. எஸ் உள்ளே இருக்கிற மரியாதைக்கு.

இது ஆங்கிலம் தானாகக் கண்டுபிடித்ததும் அல்ல. லத்தீனில் நன்றி சொல்வது ‘கிராட்டியாஸ்’ என்ற பன்மையில். அதன் பிள்ளைகளான ஸ்பானிஷ் ‘கிராசியாஸ்’, இத்தாலிய ‘கிராட்ஸியே’ இரண்டும் பன்மை. பிரெஞ்சுக்காரர்கள் நன்றியை ‘மெர்சி’ என்று ஒருமையில் சொல்லிவிட்டு, வாழ்த்தை மட்டும் ‘ஃபெலிசிடாசியோன்’ என்று பன்மையில் சொல்வார்கள்; எழுத்தில் எஸ் இருக்கும், வாயில் வராது. ஜெர்மன் மட்டும் பிடிவாதம். தொப்பி ஒன்று, நன்றி ஒன்று, வாழ்த்து ஒன்று. ‘ஃபீலன் டாங்க்’ என்பதில் ‘நிறைய’ என்ற சொல் இருந்தாலும் நன்றி ஒருமைதான். ஜெர்மன்காரர்களுக்கு மரியாதை குறைவு என்று இதை வைத்துச் சொல்ல முடியுமா? அவர்கள் ‘நீங்கள்’ என்பதற்கு ‘ஸீ’ என்று வைத்திருக்கிறார்கள், பன்மை வினையோடு. நம்மைப் போல ஆளைப் பன்மையாக்குகிறவர்கள். ஒரு இடத்தில் விட்டதை இன்னொரு இடத்தில் பிடித்துக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. மொழியியல் படித்தவர்கள் இதற்குச் சிரிக்கலாம்.

தமிழில் நாம் இரண்டையும் செய்ய ஆரம்பித்துவிட்டோம். நன்றிகள், வாழ்த்துகள், பாராட்டுகள். வாழ்த்துகளா வாழ்த்துக்களா என்ற சண்டையில் நான் இறங்கப் போவதில்லை, அதில் கள் குடித்தவர்களும் குடிக்காதவர்களும் ஏற்கெனவே போதுமான அளவு பேசிவிட்டார்கள். என் ஆச்சரியம் அந்த ‘கள்’ வந்ததைப் பற்றியது. அஃறிணைப் பெயருக்கு அது கட்டாயமே இல்லை. ‘பால்பகா அஃறிணைப் பெயர்’ என்று நன்னூல் சொல்கிறது. மாடு வந்தது, மாடு வந்தன. பெயர் அப்படியே இருக்கும், ஒன்றா பலவா என்பதை வினை பார்த்துக்கொள்ளும். பத்து மரம், நூறு ரூபாய், ஆயிரம் நன்றி. பெரியாழ்வார் பல்லாண்டு பாடும்போது ‘பல்லாண்டு பல்லாண்டு பல்லாயிரத்தாண்டு’ என்று ஏறிப் பல கோடி நூறாயிரம் வரை போகிறார். ஆண்டு ஆண்டாகவே இருக்கிறது, ஒரு ‘கள்’ கிடையாது. அதைவிடப் பெரிய வாழ்த்து எந்த மொழியில் இருக்கிறது? நன்றிகள் என்று வரும் தாளை நான் அடிப்பதில்லை, இலங்கைத் தமிழர்களிடம் அது வெகு இயல்பாக வருகிறது. ஆனால் என் பெயரில் எழுதும்போது நன்றி ஒன்றோடு நிறுத்திக்கொள்வேன்.

எஸ் போட்டால் ஆளே மாறிவிடும் இடங்கள்

மரியாதைக்குத்தானே என்று எல்லாவற்றுக்கும் எஸ் போட்டால் ஆபத்து. சில சொற்கள் எஸ் ஏறியதும் வேறு வேலைக்குப் போய்விடுகின்றன. ‘குட் வொர்க்’ என்றால் சபாஷ். ‘குட் வொர்க்ஸ்’ என்றால் பைபிளில் வரும் நற்கிரியைகள். சர்ச்சுகள் நிறைந்த எங்கள் ஊரில் இதை விளக்கவே வேண்டியதில்லை. ‘ரிகார்ட்’ மதிப்பு, ‘ரிகார்ட்ஸ்’ மெயிலின் அடியில் கிடக்கும் வால். ‘ஆனர்’ கௌரவம், ‘ஆனர்ஸ்’ பட்டம். ‘காம்ப்ளிமெண்ட்’ பாராட்டு. ஆனால் கோயில் கொடை மலரிலும் பள்ளி ஆண்டு மலரிலும் முழுப் பக்கத்துக்கு ‘வித் பெஸ்ட் காம்ப்ளிமெண்ட்ஸ் ஃப்ரம்’ என்று போட்டு, கீழே ஒரு இரும்புக் கடையின் பெயர் இருக்கிறதே, அங்கே பாராட்டு எதுவும் இல்லை. நன்கொடை கொடுத்திருக்கிறார், வணக்கம் சொல்கிறார், அவ்வளவுதான்.

இவற்றில் மோசமானது ‘ரெஸ்பெக்ட்ஸ்’. ‘ரெஸ்பெக்ட்’ உயிரோடு இருப்பவருக்கு. ‘பே ரெஸ்பெக்ட்ஸ்’ என்றால் பெரும்பாலும் மாலையோடு போக வேண்டிய இடம். பணி ஓய்வு பெறுகிற ஒருவரின் கடைசி நாள் விழாவுக்கு, அன்பு மிகுதியில் ‘அவர் லாஸ்ட் ரெஸ்பெக்ட்ஸ்’ என்று எழுதிக்கொண்டு வந்தார்கள். அவர் போட்டோவும் கூடவே கொடுத்திருந்தார்கள், நல்ல பெரிய அளவில். வாசகத்தை மாற்றச் சொல்லி நான் என்னென்னவோ சுற்றி வளைத்துச் சொன்னேன். அவர்களுக்குப் புரிவதற்குள் எங்கள் முதலாளி அண்ணாச்சி உள்ளேயிருந்து, “கண்ணீர் அஞ்சலிக்கு பார்டர் கறுப்புல போடணுமா?” என்று கேட்டுவிட்டார். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

‘கிரெடிட்’ இன்னொன்று. மேடைக்கு மேடை கேட்கலாம், ‘ஆல் த கிரெடிட்ஸ் கோஸ் டு மை பேரண்ட்ஸ்’. பாராட்டு என்ற பொருளில் கிரெடிட் எண்ண முடியாதது, ‘ஆல் த கிரெடிட் கோஸ்’ என்பதோடு சரி. எஸ் போட்டால் சினிமா முடிந்ததும் திரையில் மேலேறுகிற பெயர்ப் பட்டியல். பெற்றோரைக் கொண்டுபோய் உதவி ஒளிப்பதிவாளர்களுக்குப் பக்கத்தில் நிறுத்துவதற்கா பிள்ளை இவ்வளவு படித்தது? அந்த வாக்கியத்தில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. பெயரில் எஸ் இருப்பதால் வினை ‘கோ’ என்று வர வேண்டும். ஆனால் ‘கோஸ்’ என்று ஒருமை வினையே வருகிறது. சொல்கிறவர் நாக்குக்கு அது ஒருமை என்று எங்கேயோ தெரிந்திருக்கிறது.

உண்மையிலேயே எண்ணியே ஆக வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அதை நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. ‘ஒன் ஆஃப் த பெஸ்ட் ஸ்டூடண்ட்’, ‘ஒன் ஆஃப் மை பெஸ்ட் ஃப்ரெண்ட்’, ‘ஒன் ஆஃப் த ஃபைனஸ்ட் டீச்சர்’. நற்சான்றிதழ்களில் பாதி இப்படித்தான் வருகின்றன. இதற்குத் தமிழைக் குறை சொல்ல முடியாது. ‘சிறந்த மாணவர்களில் ஒருவர்’ என்றுதான் நாமும் சொல்கிறோம், ‘சிறந்த மாணவரில் ஒருவர்’ என்று யார் வாயிலும் வராது. வாக்கியம் ‘ஒன்’ என்று தொடங்கியதும் மனசு ஒருமையில் பூட்டிக்கொள்கிறது போல. இங்கே எஸ் மரியாதைக்கு வரவில்லை, கூட்டத்துக்கு வருகிறது. இந்தப் பையன் எந்தக் கூட்டத்தில் ஒருவன் என்பதுதான் பாராட்டே. கூட்டத்தை நீக்கிவிட்டால் அவன் நிற்க இடமில்லை. அப்புறம் அதைத் தொடர்ந்து வரும் வினை இன்னும் பெரிய தலைவலி. ‘ஒன் ஆஃப் த டீச்சர்ஸ் ஹூ ஹேவ் இன்ஸ்பயர்ட் மீ’ என்பதா, ‘ஹூ ஹேஸ்’ என்பதா? தர்க்கப்படி ஹேவ், ஏனென்றால் ஊக்கம் கொடுத்த ஆசிரியர்கள் பலர். நல்ல ஆங்கில எழுத்தாளர்களே ஹேஸ் என்றும் எழுதியிருக்கிறார்கள், இலக்கணக்காரர்கள் இதை நெடுங்காலமாகப் பேசித் தீர்க்கவில்லை. என்னிடம் வந்தால் ‘ஹூ’வுக்குப் பிறகு வருவதையே வெட்டிவிட்டு வாக்கியத்தை முடித்துவிடுவேன். ஷீல்டில் இடமும் மிச்சம்.

கட்டை விரலும் சபாஷும்

எண் ஒரு காலத்தில் உண்மையாக இருந்து, பிறகு வெறும் அழுத்தமாக மாறுவதை நம் கண் முன்னாலேயே பார்க்கலாம். சிகாகோவின் இரண்டு போட்டிப் பத்திரிகைகளில் விமர்சகர்களாக இருந்த ஜீன் சிஸ்கெல், ராஜர் ஈபர்ட் இருவரும் தொலைக்காட்சியில் சேர்ந்து படங்களைப் பற்றிச் சண்டை போடுவார்கள். படம் பிடித்தால் கட்டை விரல் மேலே, பிடிக்காவிட்டால் கீழே. ஆளுக்கு ஒரு விரல். இருவருக்கும் பிடித்துவிட்டால் ‘டூ தம்ஸ் அப்’. 1980களில் அமெரிக்க சினிமா போஸ்டர்களில் அந்த வாசகம் பெரிய விஷயம், அதை அவர்கள் வணிகக் குறியாகவே பதிவு செய்து வைத்திருந்தார்கள். அங்கே ‘டூ’ என்பது நிஜமான எண்ணிக்கை. அடிக்கடி முறைத்துக்கொள்ளும் இரண்டு பேர் ஒத்துப்போனார்கள் என்று அர்த்தம். இன்றைக்கு ஒரே ஆள் தோசை சாப்பிட்டுவிட்டு ‘டூ தம்ஸ் அப்’ என்கிறார். இரண்டாவது விரலும் அவருடையதுதான்.

கிரிக்கெட்டில் இதற்கு நேர் எதிர். ‘எ கிரேட் இன்னிங்ஸ்’ என்று பாராட்டும்போது எஸ் இருந்தாலும் அது ஒரே ஒரு ஆட்டம்தான். ஒன்றுக்கும் இன்னிங்ஸ், நான்குக்கும் இன்னிங்ஸ். பேஸ்பால் ஆடுகிற அமெரிக்கர்கள் கணக்கு வாத்தியார் பக்கம். எஸ்ஸை எடுத்துவிட்டு ‘இன்னிங்’ என்று வைத்துக்கொண்டார்கள். அவர்கள் வர்ணனையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஏதோ பந்து ஒன்று குறைவாக வீசியது போல இருக்கும்.

எண்ணையும் பாலையும் ஒழுங்காகக் கவனிக்கிற பாராட்டு இத்தாலிய ‘பிராவோ’தான். அங்கே அது பெயரடை, ஆளுக்குத் தக்கபடி மாறும். பாடகன் ஒருவனுக்கு பிராவோ, பாடகிக்கு பிராவா, ஆண்கள் பலருக்கோ இருபாலரும் கலந்த குழுவுக்கோ பிராவி, பெண்கள் குழுவுக்கு பிராவே. ஆங்கிலம் அதிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு எல்லோருக்கும் பிராவோ என்று கத்துகிறது. லண்டனிலும் நியூயார்க்கிலும் ஆபரா அரங்குகளில் விவரம் தெரிந்தவர்கள் சிலர் பாடகிக்கு ‘பிராவா’ என்று திருத்தமாகக் கத்துவார்கள், பக்கத்தில் உட்கார்ந்து பிராவோ சொன்னவர் காதில் விழும்படி. நம் கச்சேரிகளில் அந்த வம்பு கிடையாது. பலே, பேஷ், சபாஷ் எல்லாமே வெளியூரிலிருந்து வந்தவை. சபாஷ் பாரசீகத்திலிருந்து வந்தது, மகிழ்ச்சியாக இரு என்பது அதன் வேர். வந்த சொற்களுக்கு நாம் எண்ணும் போடவில்லை, பாலும் போடவில்லை. பாடுகிறவர் ஒருவரானாலும் பின்பாட்டோடு நான்கு பேரானாலும் அதே சபாஷ்தான். ஷீல்டில் ஏதாவது இரண்டு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டு வருகிறவர்களிடம் இப்போதெல்லாம் நான் முதலில் காட்டுவது அதைத்தான். யாரும் இதுவரை எடுத்துக்கொள்ளவில்லை. ஆங்கிலத்தில் இருந்தால்தான் ஷீல்டுக்கு எடுப்பாக இருக்கும் என்கிறார்கள்.